முன்வரிசையில் ஒரு நாற்காலி

அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். "வாங்கம்மணி, வாங்க. சாப்பிட்டீங்களா?" மந்திரி வந்தாலும் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தாலும் அதே குரல், அதே கேள்வி. பாதி ஆயுளை டில்லியில் கழித்தும் அவருடைய கொங்குத் தமிழில் ஒரு 'ங்க'கூட உதிரவில்லை. டிரைவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார். பீகார்க்காரரான அந்த டிரைவரும் 'ஜீ சாப்' என்று உடனே வந்து நிற்பார்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் இருக்கிறார், அவருடைய கட்சி இருக்கிறது, நானும் இதே ஊரில்தான் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

அது ஏழைகளுக்காக ஆரம்பித்த கட்சி. தொழிற்சங்கக்காரர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் விவசாயிகளும் சேர்ந்து ஆரம்பித்தது. அதன் டில்லி அலுவலகத்தில் நான் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். தலைவர்களின் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுப்பது, இந்தி அறிக்கையைத் தமிழாக்குவது, கமிட்டிக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவது, இவ்வளவுதான். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்பதுதான் எனக்கு அங்கே இருந்த ஒரே தகுதி.

கட்சிக்குள் அப்போது இரண்டு கோஷ்டிகள். பழைய கொள்கையில் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்று மேஜையைத் தட்டுகிறவர்கள் ஒரு பக்கம். காலம் மாறிவிட்டது, கம்பெனிகள் இல்லாமல் எதுவும் நடக்காது என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இவர் நடுவில். "ரெண்டு பக்கமும் நல்லவங்கதானுங்க, பேசித் தீத்துக்கலாம்" என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி ஒரு வார்த்தை சொல்வார், அதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். கம்பெனிக்காரர்களைப் பற்றி அவர் அடிக்கடி சொன்ன ஒன்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "அவிங்க எதிரி இல்லீங்கம்மணி. நாம இன்னும் காப்பி குடுக்காத விருந்தாளிங்க."

காப்பி விஷயத்தில் அவர் வேறு யாரையும் நம்பமாட்டார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அவரே போய், தமிழ்க் கடையில் நின்று, சிக்கரி கலக்காமல் அரைத்து வாங்கி வருவார். டிகாக்ஷனும் அவரே இறக்குவார். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு அவர் வீட்டிலிருந்து கோபத்தோடு வெளியே வந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்சியிலிருந்து எட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பார்த்ததோடு போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஆற்றி ஆற்றிக் கஞ்சி ஊட்டினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். அதெல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட்டால் எனக்கு மனசு லேசாகிவிடும். ஆனால் அது நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும்.

பஞ்சாபித் தோழரின் கதையைச் சொன்னால்தான் இவர் யாரென்று புரியும்.

எங்கள் கமிட்டியில் ஓட்டெடுப்பு கிடையாது. விஷயத்தைப் பேசி முடித்ததும் கமிட்டித் தலைவர் "கிஸீ கோ ஏத்ராஸ்?" என்று கேட்பார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அர்த்தம். ஒருவர் கையைத் தூக்கினால் போதும், விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ஒருவரும் தூக்காவிட்டால் நிறைவேறியதாக நான் எழுத வேண்டும். கட்சி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஒரே ஒரு ஏழையின் குரல்கூட அமுங்கிவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தோடு வைத்த வழக்கம்.

ஜுக்கி என்று இந்த ஊரில் சொல்லப்படும் குடிசைகளில் இருப்பவர்களுக்கு இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தர வேண்டும் என்பது எங்கள் கட்சியின் பழைய வாக்குறுதி. அதில் 'இருக்கும் இடத்திலேயே' என்பதை எடுத்துவிட்டுப் 'பொருத்தமான இடத்தில்' என்று போடலாம் என ஒரு யோசனை வந்தது. குடிசைகள் இருந்த நிலத்தின்மேல் ஒரு கட்டுமானக் கம்பெனிக்குக் கண் இருந்தது கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்த ஒரு பஞ்சாபிக் கிழவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். யார் பேசியும் மசியவில்லை. இவரும் போய்ப் பேசினார், காப்பி கொடுத்தார். கிழவர் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடியும் கையைத் தூக்கினார்.

பிறகு லூதியானாவில் கிழவருக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடானது. ஏற்பாடு செய்தது இவர்தான். கிழவரின் பழைய சகாக்களைத் தேடிப்பிடித்து வரவழைத்தார். கனடாவில் இருந்த பேத்திகூட வந்தாள். பாண்டு வாத்தியம், புதுத் தலைப்பாகை, ஆளுயர மாலை. முன்வரிசையில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் குர்முகியில் கிழவரின் பெயர். இது இவருடைய தனி வழக்கம். யாரை அழைத்தாலும் அவரவர் மொழியில் பெயரைத் தானே எழுதி நாற்காலியில் ஒட்டுவார். எழுத்து தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டு ஒரு பேப்பரில் எழுதிப் பழகிக்கொள்வார்.

கிழவர் மாலையோடு உட்கார்ந்திருந்த அன்று டில்லியில் கமிட்டி கூடியது. "கிஸீ கோ ஏத்ராஸ்?" என்றார் தலைவர். ஒரு கையும் எழவில்லை. நான் எழுதினேன்.

திரும்பி வந்த கிழவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார். "மகளே, எனக்கு இதுவரை போலீஸ்தான் அடி கொடுத்திருக்கிறது, யாரும் மாலை போட்டதில்லை. வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?" என்று இந்தியில் கேட்டார். அதற்குப் பிறகு அவர் கூட்டங்களுக்கு வருவது குறைந்து, நின்றே போனது. இவர் மட்டும் அவருக்கு மாதம் தவறாமல் போன் செய்து உடம்பை விசாரிப்பார்.

செல்வியை எனக்குத் தெரியும். சரோஜினி நகருக்குப் பின்னாலிருந்த அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துப் பிழைத்தவள். விழுப்புரத்துப் பக்கம். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஜுக்கியில், அவளைப் போலவே அந்தப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களோடு இருந்தாள். கம்பெனி கேட்டது அந்த இடத்தைத்தான். காலி செய்வதற்கு முன் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். அதிகாரிகள் வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் ஆள் இருந்து ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டுகளைக் காட்டினால் அந்தக் குடும்பத்துக்கு மாற்று வீடு. கதவு பூட்டியிருந்தால் 'தாலா' என்று பெயின்டில் எழுதிவிட்டுப் போவார்கள். பூட்டு என்று எழுதிய வீட்டுக்கு ஒன்றும் கிடையாது, ஆளே இல்லாத வீடு என்று ஆகிவிடும். எந்த நாளில் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. வருவது மட்டும் வேலை நாளில், பகலில்.

அந்த ஜனங்கள் விவரமானவர்கள். வீட்டுக்கு ஒரு ஆள் முறைவைத்து வேலைக்குப் போகாமல் காவல் இருந்தார்கள். இதனால் செல்விக்கு இரண்டு வீட்டு வேலை போனது. "போனா போவுதுக்கா, கோட்டி வேற கெடைக்கும். வூடு கெடைக்குமா?" என்றாள். கோட்டி என்றால் இங்கே வேலை செய்யும் வீடு.

நான்தான் இவரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த நாளே வந்தார். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளிமேல் உட்கார்ந்து, செல்வி கொடுத்த டீயைக் குடித்தார். ஒவ்வொருவர் ஊரையும் விசாரித்தார். காவல் இருக்கிற கதையைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது.

"அப்ப எந்நேரமும் ஊட்டுக்கு ஒருத்தர் இருக்கீங்களா?"

"ஆமாங்கய்யா. ஆளு இல்லன்னா பூட்டுன்னு எழுதிப்புட்டுப் பூடுவானுங்க."

"கார்டெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

"உசுரு மாதிரி வச்சிருக்கோம்."

"நல்லதுங்க, நல்லதுங்க" என்று தலையாட்டினார். அக்கறையில் கேட்கிறார் என்றுதான் பக்கத்தில் நின்ற நானும் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் அவர் வீட்டுக்கு அடிக்கடி வந்த இன்னொருவன், கட்டுமானக் கம்பெனியில் வேலை பார்த்த மதுரைப் பையன். குர்கானில் ஆபீஸ், விலையுயர்ந்த ஷூ, பேச்சில் பாதி ஆங்கிலம். கம்பெனி சார்பாகக் கட்சிகளோடு பழகுவதுதான் அவன் உத்தியோகம். ஒருநாள் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே என்னிடம், "சார் நம்ம ஆளு, மேடம். அவர் இருக்கிற வரைக்கும் எங்களுக்குக் கவலையே இல்லை" என்றான். அதே வாரம் செல்வியும் சொன்னாள், "ஐயா நம்ம ஆளுக்கா. அவரு இருக்கச்சொல்ல நமக்கு இன்னா பயம்?" இரண்டையும் சேர்த்துவைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். நடுவில் நிற்பது என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

குடிசை மக்களுக்காக ராம்லீலா மைதானத்தில் ஒரு மாநாடு என்று அறிவித்தார்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் இருந்தது. இவர்தான் மாற்றினார். "பாவமுங்க, வாரம் முச்சூடும் ஒழைக்கறவங்க. இருக்கற ஒரு லீவையும் நாம புடுங்கிக்கறதா? புதன்கெழம வெச்சுக்கலாம். அன்னிக்குக் கூலிக்கு நாம ஏற்பாடு செஞ்சுக்கலாம்." கமிட்டியில் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். யாருக்கும் ஏத்ராஸ் இல்லை.

ஜுக்கிக்கு அவரே வந்து அழைத்தார். ஒரு வீடு விடாமல் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், நாம் எத்தனை பேர் என்று ஊர் பார்க்க வேண்டும் என்றார். செல்வி தயங்கினாள். "அன்னிக்குக் கணக்கெடுக்க வந்துட்டா என்னாங்கய்யா பண்றது?"

"நான் பேசிட்டனுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகக் காவலை எடுத்துவிட்டுப் போனார்கள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தா மட்டும் போகவில்லை, அவரைத் தூக்கிப் போக முடியாது.

மாநாடு பிரமாதமாக நடந்தது. பஸ்கள், பூரி மசால் பொட்டலங்கள், கம்பெனி கொடுத்த தண்ணீர் பாட்டில்கள். மேடையோரம் நின்று அவற்றை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தான் மதுரைப் பையன். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் 'செல்வி' என்று தமிழில் எழுதியிருந்தது. தான் வேலை செய்யும் எந்த வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்தறியாதவள் அவள். முதலில் அந்தப் பேப்பரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு நுனியில் உட்கார்ந்தாள். அவர் பேசினார். அந்த மண்ணிலிருந்து ஒருவரையும் நகர்த்த விடமாட்டேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. செல்வி அழுதுகொண்டே கை தட்டினாள். நானும்தான்.

அவர்களோடு நானும் பஸ்ஸில் திரும்பினேன். பாட்டும் கூச்சலுமாக வந்து இறங்கியவர்கள் சந்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார்கள். வெயில் இன்னும் இருந்தது. ஒவ்வொரு கதவிலும் சிவப்பு பெயின்டில் 'தாலா'. சந்துக் கடைசி வரை அதேதான். செல்வி தன் கதவில் இருந்ததை உள்ளங்கையால் அழிக்கப் பார்த்தாள். பெயின்ட் காயவில்லை, கையில் அப்பிக்கொண்டது. மாநாட்டுக்கென்று கட்டியிருந்த புடவையில் கையைத் துடைத்தாள். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போய், வெறுமே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் அவர் வந்தார். அதே வாளிமேல் உட்கார்ந்தார். "என்னைய ஏமாத்திட்டாங்கம்மா" என்று சொல்லி அழுதார். ஜனங்கள்தான் அவரைத் தேற்றினார்கள். அழாதீங்கய்யா, நீங்க என்னா பண்ணுவீங்க என்றாள் செல்வி. டீயும் போட்டுக் கொடுத்தாள்.

கோர்ட், மனு என்று சில மாதம் இழுத்து, பிறகு புல்டோசர் வந்தது. படுக்கையில் கிடந்த தாத்தாவின் குடும்பத்துக்கு மட்டும் மாற்று வீடு கிடைத்தது. மற்றவர்கள் சட்டிபானையை எடுத்துக்கொண்டு திசைக்கொருவராகப் போனார்கள். சாமான் ஏற்றிப்போக இவர் லாரிகள் அனுப்பியிருந்தார். அதற்கும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

லாரிகள் போனதும் நான் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்கம்மணி, சாப்பிட்டீங்களா?" என்றார். நான் உட்காரவில்லை.

"சார், அந்தப் புதன்கிழமை அவங்க கணக்கெடுக்க வரப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. முகம்கூட மாறவில்லை. டபராவில் காப்பியை ஆற்றிக்கொண்டே என்னை ஆசையாகப் பார்த்தார், மகளைப் பார்ப்பது போல. "நீங்க ரொம்பக் களைச்சுட்டீங்கம்மணி. ஊட்டியில நம்ம இளைஞர் முகாம் ஒண்ணு நடக்குது. நீங்கதான் வந்து தலைமை தாங்கோணும். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. குளுகுளுன்னு இருக்கும்."

லூதியானாவின் பாண்டு வாத்தியம் காதில் கேட்டது. அவர் யாரையும் வெளியே போ என்று சொல்கிறவர் இல்லை. வேறு எங்காவது வா என்று சொல்கிறவர். தெரிந்து செய்கிறாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எல்லோரையும் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று மனதார நினைக்கிற ஒரு மனிதர், யாருக்கு எதைக் கொடுத்தால் போதும் என்று தெரிந்துவைத்திருக்கிறார். கம்பெனிக்கு நிலம் வேண்டும். செல்விக்கு ஒரு நாற்காலி போதும். அவர் கணக்கில் அங்கே யாருமே ஏமாறவில்லை. அந்தக் காப்பியைக் குடிக்காமல் வந்தேன், அந்த மாதமே வேலையையும் விட்டேன்.

இப்போது கரோல் பாகில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். செல்வி யமுனைக்கு அந்தப் பக்கம், வேறொரு ஜுக்கியில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறாள். அங்கேயும் கணக்கெடுப்பு வரப்போவதாகப் பேச்சு. போன வாரம் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, ஐயா வந்திருந்தாருக்கா! அவ்ளோ கூட்டத்துல என்னைய பேரு சொல்லிக் கூப்புட்டாரு. பொதன்கெழம மாநாடாம். பஸ்ஸு வருது. முன்னாடி எனக்கு சேரு போட்டிருக்காராம்."

"போகாதே செல்வி. போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

"போன வாட்டி அவரையே ஏமாத்திப்புட்டாங்க இல்ல? இந்த வாட்டி உசாரா இருப்பாருக்கா."

புதன்கிழமை காலையில் நானே கிளம்பிப் போனேன். ரோட்டில் பஸ்கள் வரிசையாக நின்றன. சந்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழியில் நின்று, வீட்டுக்கு ஒருத்தராவது இருங்கள் என்று தமிழிலும் இந்தியிலும் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். செல்வி அதே புடவையைக் கட்டியிருந்தாள். பெயின்ட் கறை மடிப்புக்குள் போகும்படி கொசுவியிருந்தாள்.

"அவ்ளோ பயமா இருந்தா நீயே உள்ள குந்திக்கக்கா" என்று சிரித்தபடி சாவியை என் கையில் வைத்தாள். இடுப்பில் சொருகியிருந்த பையைத் தட்டிக் காட்டினாள். "கார்டெல்லாம் எல்லாரும் எடுத்தாரச் சொன்னாரு. மேடையில சரிபாக்கறாங்களாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ்கள் போன பிறகு அந்தச் சந்தில் திறந்திருந்தது ஒரே ஒரு கதவு. அதன் வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன், யாராவது வந்து கேட்டால் காட்ட ஒரு காகிதமும் இல்லாமல். வெயில் ஏறியதும் செல்விக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மைதானச் சத்தத்தில் கேட்டிருக்காது.

கையிலிருக்கும்போதே போன் அடித்தது. அவர்.

"அம்மணி, எப்படியிருக்கீங்க? எத்தன நாளாச்சுங்க பாத்து. செல்வி சொன்னாங்க, நீங்க அவிங்க ஊட்டுலதான் இருக்கீங்கன்னு. அங்க எதுக்குங்க தனியா வெயில்ல? இங்க முன்வரிசையில உங்க பேர் எழுதி நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். வண்டி அனுப்பிருக்கேன். சந்து முனையில நிக்குது பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைக் கார் நின்றிருந்தது. 'ஏனுங்க' டிரைவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் ஒரு ஜீப்பிலிருந்து நான்கைந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் கையில் பெயின்ட் டப்பா இருந்தது.

"நான் வரலை சார்" என்றேன்.

அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்து அடங்கியது. பிறகு அவர் அதே பரிவோடு கேட்டார்.

"பரவால்லீங்கம்மணி. சாப்பிட்டீங்களா?"